ரெக்கவரி வண்டி

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும், பரவால்ல. நாற்காலி மேல பழைய பேப்பர் கெடக்கும், கீழ தள்ளிட்டு உக்காருங்க. போன வருஷம் இதே பென்ஷன் ரேகைக்குப் போஸ்ட் ஆபீஸ்லேந்து ஒரு பையன் வந்தான். வாசல்லியே நிக்க வெச்சு விரல அழுத்தச் சொல்லிட்டு ஓடிட்டான். நீங்க உக்காந்தீங்களே, அதுவே எனக்குப் பெருசு.

எந்த விரல்? கட்டை விரலா? இந்தாங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், லேசுல புடிக்காது. இரும்புக் கயிறும் கிரீசுமா இருந்த கை இது, ரேகையெல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு. பாத்தீங்களா, இல்லன்னு சொல்லுது. முழுசா எதுர்ல உக்காந்திருக்கேன், நான் உயிரோட இருக்கறத அந்த மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது. சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க, இந்த வீட்டுக்குள்ள சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு.

கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் வைக்கலாம்னா வைக்கலாம். அதுவரைக்கும் சும்மாவா இருக்கறது? வர்ற வழியில தெருமுனைக் கடையில சொல்லியிருப்பானே, 'மிலிட்டரி முனிரத்தினம் வீடா'ன்னு? அப்படித்தான் சொல்லுவான். எழுபத்தொண்ணு யுத்தத்துக்குப் போனவருன்னு இந்தத் தெருவுல எனக்கு ஒரு பேரு. போனேன்னும் சொல்ல முடியாது, போகலன்னும் சொல்ல முடியாதும்மா. பாதியில விட்டுட்டாங்க. என்னையும் என் வண்டியையும் நடுக்காட்டுல கழட்டி விட்டுட்டு, மறந்தே போயிட்டாங்க. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல.

நான் வேலை பாத்தது பட்டாளத்து வண்டி செய்யற ஃபேக்டரில. அந்த வருஷம் யுத்தம் வரப்போகுதுன்னு எங்களுக்கு ரேடியோவுக்கு முன்னாடியே தெரியும். எப்படின்னா, கண்ணாடி ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடிச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு சங்கு ஊதினாலும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். பட்டறை ஷாப்புலியே அட்டை விரிச்சுத் தூங்கிட்டு, கேன்டீன்ல கஞ்சி மாதிரி ஒரு டீ குடிச்சிட்டு, மறுபடி ஸ்பேனரக் கையில எடுப்போம். பெண்டாட்டி புள்ளைய வீட்ல விட்டுட்டு வந்தவனெல்லாம் புலம்புவான். எனக்கு அந்தத் தொல்லை இல்ல. அண்ணன் வீட்ல ஒரு மூலையில படுத்துக்கற ஆளு நான். வராட்டி எடம் காலின்னு சந்தோஷப்படுவாங்க.

நாங்க செஞ்சது சுடுற வண்டி இல்ல. ரெக்கவரி வண்டி. யுத்தத்துல லாரி சேத்துல மாட்டிக்கும், பள்ளத்துல கவுந்துடும். அதையெல்லாம் இழுத்து வெளிய போடறதுக்கு ஒரு வண்டி வேணுமில்ல? அதுதான் இது. பின்னாடி பெரிய உருளை, அதுல இரும்புக் கயிறு சுத்தியிருக்கும். வின்ச்சுன்னு சொல்லுவோம். எஞ்சின ஓட்டி லீவரப் போட்டா, கயிறு சுருட்டிகிட்டே வரும், அடுத்த முனையில என்ன இருந்தாலும் கூடவே வந்தாகணும். அந்த வின்ச்சு பூட்டறது என் வேலை. என் வேலைன்னா, நான்தான். வேற யாரையும் தொட விட மாட்டேன்.

யுத்தம் ஆரம்பிச்சதும் ஃபோர்மேன் ஆரோக்கியசாமி கூப்பிட்டாரு. "மிலிட்டரி ஸ்பெஷல் ரயில்ல வண்டி எல்லைக்குப் போவுது. அங்க இருக்கற டிரைவருங்களுக்கு இந்த வின்ச்சு புதுசு. கூடப் போயி ஓட்டிக் காட்டிட்டு வரணும். நீ போறியா?"ன்னாரு. "ஏன் சார் நான்?"னு கேட்டேன். என் கை வேலை அப்படின்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு சொன்னாரு, "உனக்குத்தான் யாரும் இல்லியேடா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்கும் பதில் சொல்ல வேணாம் பாரு."

நல்ல மனுஷன்தான். மனசுல பட்டதச் சொன்னாரு. எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரே குதி. என் வண்டி எல்லைக்குப் போவுது, நானும் போறேன். ஒரு லாரிய, ஒரே ஒரு லாரிய சேத்துலேந்து இழுத்துப் போட்டுட்டேன்னா போதும். அதுக்குள்ள இருக்கறவன் என் மூஞ்சியப் பாத்து, "நல்ல வேளை வந்தப்பா"ன்னு சொல்லுவான் இல்ல? அது போதும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுக்கும் நான் ஆசைப்படலம்மா.

வேகன் மேல வண்டிய ஏத்தி, சக்கரத்துக்கெல்லாம் மரக்கட்டை அடிச்சு, சங்கிலி போட்டு முறுக்கி, தார்ப்பாய் மூடி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிகிட்டேன். கையெழுத்துப் போட்டவன் வண்டிய விட்டு நகரக் கூடாது. அதான் சட்டம். வேற ஷாப்பு ஆளுங்க ரெண்டு பேரு சிப்பாய்ங்களோட பெட்டியில ஏறிகிட்டாங்க. நான் மட்டும் என் வண்டியோட கேபின்லியே உக்காந்து போனேன், ராஜா மாதிரி.

மத்தியப் பிரதேசம் பக்கம் எங்கியோ போறப்போ வேகனுக்கு அடியிலேந்து புகை வந்துச்சு. அச்சு சூடாயிடுச்சு. அப்படியே ஓட்டுனா அச்சு முறிஞ்சு ரயிலே கவுந்துடும். அதுக்கு ரயில்வேல ஒரு வழக்கம். சூடான வேகன மட்டும் அடுத்து வர்ற ஸ்டேஷன்ல கழட்டி, பக்கத்து லைன்ல தள்ளி, 'சிக்'னு சாக்பீஸ்ல எழுதிட்டு ரயில் போய்கிட்டே இருக்கும். மனுஷனுக்குச் சொல்ற மாதிரியேதான் சொல்லுவாங்க. சீக்கு வேகன். என் வேகன் மேல எழுதிட்டான். ஹவில்தார் ஓடி வந்து, "நீ இங்கியே இரு, சாயங்காலம் வர்ற ஸ்பெஷல் உன்ன கோத்துகிட்டு வந்துடும்"னான். அவ்ளோதான். ரயில் போயிடுச்சு.

சாயங்காலம் ஸ்பெஷல் வந்துச்சு. நிக்கல. லாரியும் பீரங்கியுமா நீளமாப் போச்சு. நான் வேகன் மேல ஏறி நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். அதுல இருந்த சிப்பாய்ங்க, வழியனுப்பறேன்னு நெனச்சுகிட்டு, அவனுங்களும் கையாட்டிட்டுப் போனானுங்க. மறுநாளும் அப்படியே. அதுக்கு அடுத்த நாளும் அப்படியே. எல்லா வண்டியும் யுத்தத்துக்குப் போவுது, என்னத் தாண்டிகிட்டுப் போவுது.

ஸ்டேஷன்னா என்னமோ பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு ரூம்பு, ஒரு வேப்பமரம், ஸ்டேஷன் மாஸ்டர் திவாரின்னு ஒருத்தரு. மப்ளர் சுத்திகிட்டு உக்காந்திருப்பாரு. போய் நின்னா, "மெசேஜ் சென்ட்"ம்பாரு, தகவல் போயிருக்குன்னு. எனக்கும் அவருக்கும் பொதுவா இருந்தது அந்த ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்தான். அப்புறம் பக்கத்துல ஒரு லெவல் கிராசிங். மாட்டு வண்டி போற பாதை. அதுக்கு ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு பொம்பள. துலாரின்னு பேரு.

அந்தம்மாவோட வீட்டுக்காரன் தண்டவாள வேலை பாத்துச் செத்துப் போனவனாம், திவாரி சைகையில சொன்னாரு. அந்த வேலைக்குப் பதிலா இந்தம்மாவுக்குக் கேட் வேலை குடுத்திருந்தாங்க. வயசு என்ன, என் வயசுதான் இருக்கும். புள்ளகுட்டி கெடையாது. கேட் பக்கத்துல ஒரு குச்சு வீடு, ஒரு எருமை. ரயில் வந்தா கேட்ட மூடிட்டு, பச்சைக் கொடி காட்டணும். அவ்ளோதான் வேலை.

மொத நாள் சாயங்காலமே ரொட்டியும் பருப்பும் எடுத்துகிட்டு வந்து வேகன் ஓரத்துல வெச்சுட்டுப் போச்சு. முந்தானைய மூஞ்சி மறையற வரைக்கும் இழுத்து விட்டிருந்துச்சு. எனக்கு ஆச்சரியமா இல்ல. ரயில்வே எடத்துல டிஃபென்ஸ் வண்டி நிக்குது. பாத்துக்கறது அவங்க டியூட்டிதானே? திவாரி சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். திவாரி சொல்லலன்னு அப்புறம் தெரிஞ்சுது. சரி, தானே டியூட்டி தெரிஞ்ச பொம்பளன்னு விட்டுட்டேன்.

அதுலேந்து காலையில ஒருவேளை, சாயங்காலம் ஒருவேளை. ஒரு நாள் தவறல. அந்தக் குளிரு இருக்கே, நம்ம ஊர்க்காரனுக்கு அது குளிரே இல்லம்மா, வியாதி. நான் தார்ப்பாயச் சுத்திகிட்டு வெடவெடன்னு ஆடறத அந்தம்மா பாத்துச்சு. மறுநாள் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு கொண்டாந்து குடுத்துச்சு. செத்துப் போனவனோட கோட்டு. ரயில்வே கோட்ட டிஃபென்ஸ் ஆளு போடலாமான்னு எனக்கு ஒரு யோசனை. அப்புறம் போட்டுகிட்டேன். தோள் அளவு சரியா இருந்துச்சு.

இருங்க, இப்ப விரல் வைக்கட்டுமா? துடைச்சிட்டு வைக்கிறேன். ம்... என்ன, வந்துடுச்சா? பச்சை விளக்கு எரியுதா! அப்போ இன்னும் ஒரு வருஷம் நான் உயிரோட இருக்கேன். கெளம்பாதீங்கம்மா. வெயில் இப்படிக் கொளுத்துது, இப்ப எங்க போவீங்க? அடுப்புல டீ கொதிக்குது. ஆமா, ரெண்டு டம்ளர்தான் வெச்சேன், நீங்க வந்ததும் வெச்சுட்டேன். குடிச்சிட்டுப் போங்க.

எங்க விட்டேன்? ஆங், கோட்டு.

பேச்சுன்னு எதுவும் இல்லம்மா எங்களுக்குள்ள. எனக்கு இந்தி வராது. அந்தம்மாவுக்குத் தமிழ் எப்படி வரும்? ஆனா சும்மா இருக்காது. நான் சாப்பிடறப்போ கீழ உக்காந்துகிட்டு அது பாஷையில என்னமோ சொல்லிகிட்டே இருக்கும். நான் வின்ச்சுக்கு கிரீஸ் போட்டுகிட்டே என் பாஷையில ஃபேக்டரியப் பத்திச் சொல்லுவேன். ஆரோக்கியசாமி சொன்னதக்கூடச் சொன்னேன். ஒண்ணும் புரிஞ்சிருக்காது, ஆனா மூஞ்சி வாடிப் போச்சு. அந்த மூஞ்சி எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. கொஞ்ச நாள்ல முந்தானைய இழுத்து விடறத நிறுத்திடுச்சு. வேலை மும்முரத்துல மறந்துட்டா போல. 'சாப்டியா'ன்னு ஒரு வார்த்தை மட்டும் என்கிட்ட கத்துகிட்டா. தூரத்துல கேட்லேந்தே கத்துவா, "சாப்டியா?"ன்னு. சாப்பாடு கொண்டாந்து குடுக்கறதே அவதான், இதுல கேள்வி வேற!

சாயங்காலம் கடைசி ரயில் போனப்புறமும் அவ கேட் கம்பத்துல சாஞ்சுகிட்டு என் வேகனப் பாத்து நின்னுகிட்டிருப்பா. நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். எனக்கு சிக்னல்தான் கண்ணு. சிக்னல் கை எறங்குதா, எஞ்சின் வருதா, என்னக் கூட்டிகிட்டுப் போக யாராவது வராங்களான்னு அதையே பாத்துகிட்டிருப்பேன். என்ன ஒரு தனிமை தெரியுமாம்மா அது? இத்தனை பெரிய நாட்டுல, நான் எங்க இருக்கேன்னு நெனச்சுப் பாக்க ஒரு ஜீவன் இல்ல.

அப்புறம் ஒரு நாள் திவாரி ரேடியோவத் தூக்கிகிட்டு வெளிய ஓடி வந்தாரு. யுத்தம் முடிஞ்சு போச்சாம், நாம ஜெயிச்சுட்டோமாம். எல்லாருக்கும் வெல்லம் குடுத்தாரு. ஊர்க்காரங்க வேப்பமரத்தடியில ஆடறாங்க, பாடறாங்க. நான் வேகனுக்குக் கீழ போயி உக்காந்து அழுதேன். நாடு ஜெயிச்சதுக்கு அழுத ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன். என் வண்டி ஒரு அடி நகரல. யாரையும் இழுக்கல. எல்லாம் நான் இல்லாமலே முடிஞ்சு போச்சு.

அந்த நேரம் பாத்து துலாரி ஓடி வரா. மூச்சு வாங்குது. என் கையப் புடிச்சு இழுக்கறா. என்னன்னு பாத்தா, தண்டவாளத்துக்கு மண்ணு வெட்டுன பள்ளம் ஒண்ணு பக்கத்துல, தண்ணியும் சேறுமா நிக்கும். அதுல அவ எருமை எறங்கி மாட்டிகிச்சு. முதுகும் தலையும்தான் வெளிய தெரியுது. ஊர்க்காரங்க கயிறு போட்டு இழுக்கறாங்க, இழுக்க இழுக்க இன்னும் உள்ள போவுது. அவ என் வண்டியக் காட்டறா. வின்ச்சு மேல கைய வெச்சுகிட்டு என்னப் பாக்கறா.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "இது யுத்த வண்டி, எருமை மாட்டுக்கா?"ன்னு கத்தினேன். தமிழ்லதான் கத்தினேன். அவ கைய எடுக்கல. அவளுக்குன்னு இருந்தது அந்த எருமை ஒண்ணுதாம்மா. அது எனக்கும் தெரியும். சரி, யுத்தமே முடிஞ்சாச்சு, இனிமே இந்த வண்டிய யாரு கேக்கப் போறான்னு ஒரு வீம்பு வந்துச்சு. தார்ப்பாயப் புடுங்கிப் போட்டுட்டு எஞ்சின ஸ்டார்ட் பண்ணினேன்.

பக்கவாட்டுல இழுத்தா வேகனே சாஞ்சுடும். அதனால கயித்த நேரா லைன் முடிவுல இருக்கற இரும்புத் தடுப்புக்குக் கொண்டுபோயி, அங்க ஒரு கப்பியக் கட்டி, கப்பி வழியாத் திருப்பிப் பள்ளத்துக்கு எறக்கினேன். இரும்புக் கயிறு வயித்த அறுத்துடும், அதனால தார்ப்பாய மடிச்சுப் பட்டையாக்கிக் குடுத்தேன். அத எருமையோட வயித்துக்கு அடியில விடணுமே, யாரு எறங்கறது? ஆம்பளைங்க யோசிச்சுகிட்டு நின்னாங்க. அவ எறங்கிட்டா. மார் வரைக்கும் சேறு. எருமை தலையக் கட்டிப் புடிச்சுகிட்டு அது காதுல என்னமோ சொல்லிகிட்டே இருக்கா.

நான் லீவரப் போட்டேன். மெதுவா, ரொம்ப மெதுவா. கயிறு வெறைச்சு நிக்குது. வேகன் முனகுது. கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல. அப்புறம் சேறு 'சொளக்'னு ஒரு சத்தம் விட்டுச்சு பாருங்க, எருமை அப்படியே வழுக்கிகிட்டு மேல வருது! ஊரே கத்துது. நானும் கத்தறேன். என் வின்ச்சு இழுக்குதும்மா! ஒரு குலுக்கல் இல்ல, ஒரு சறுக்கல் இல்ல. எல்லையில இழுக்க வேண்டியது அங்க இழுத்துச்சு.

அவ சேறு வழிய வழிய மேல ஏறி வந்தா. நேரா என்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் புடிச்சு அவ கண்ணுல ஒத்திகிட்டா. கையெல்லாம் கிரீசு. கண்ணுல பட்டா எரியுமேன்னு வெடுக்குன்னு இழுத்துகிட்டேன். அதுக்கு ஏன் அப்படி ஒரு மாதிரி பாத்தாளோ தெரியல. அப்புறம் கண்ணு எரிஞ்சிருந்தா என்னத்தானே சொல்லியிருப்பா?

மறுநாள் ஊர்க்காரங்க வின்ச்சுக்குச் சாமந்தி மாலை போட்டுக் குங்குமம் வெச்சாங்க. பாலும் நெய்யுமா துலாரி ஏதோ இனிப்பு பண்ணிக் கொண்டாந்தா. குங்குமம் பெயின்ட்ல ஊறிடப் போவுதேன்னு எனக்குக் கவலை, அவங்க போனதும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். இந்த எருமை விஷயத்த நான் ஃபேக்டரில மூச்சு விடல. உங்ககிட்டதான் சொல்றேன். அசிங்கமில்லியா? ஒரு யுத்தம் முழுக்க என் வண்டி செஞ்சது ஒரு மாட்ட இழுத்ததுதான்.

அதுக்கப்புறமும் ரொம்ப நாள் கழிச்சுத்தான் ரயில்வே ஆளு ஒருத்தன் வந்து அச்ச சரி பண்ணினான். ஒரு கூட்ஸ் வண்டி வந்து என்னக் கோத்துகிச்சு. எல்லைக்கு இல்ல, திரும்ப ஃபேக்டரிக்கே. தேவையில்லன்னு உத்தரவாம். நான் அவசர அவசரமாச் சங்கிலிய முறுக்கினேன். கோட்ட மடிச்சு திவாரிகிட்ட குடுத்து, கேட்டம்மாகிட்ட சேத்துடுங்கன்னு சைகை காட்டினேன். நேர்ல போய்க் குடுக்கலாம்தான். ஆனா அவ டியூட்டில இருந்தா. ரயில் வர்ற நேரத்துல கேட்ல இருக்கறவங்கள தொந்தரவு பண்ணக் கூடாதில்ல?

இங்க வந்து சேந்தேன். யாராவது வாசல்ல நிப்பாங்கன்னு ஒரு நெனப்பு. ஆரோக்கியசாமி என்னப் பாத்துட்டு, "எங்கடா சொல்லாம கொள்ளாம லீவுல போயிட்ட?"ன்னாரு. அனுப்பினவரே அவருதாம்மா! கூட வந்த ரெண்டு பேரும் எல்லை வரைக்கும் போயி, கர்னல் ஒருத்தரோட நின்னு எடுத்த படம் கேன்டீன்ல மாட்டியிருந்துச்சு. அவங்க, "முனிரத்தினம் எங்கியோ எறங்கிட்டான்"னு சொல்லிட்டாங்களாம். வீட்டுக்கு வந்தா அண்ணி, "வந்துட்டியா, கிருஷ்ணாயில் க்யூவுல நிக்க ஆளே இல்ல"ன்னு டின்னக் கையில குடுத்தாங்க. போயி நின்னேன்.

அன்னிக்கே ஆசையெல்லாம் விட்டுப் போச்சும்மா எனக்கு. அப்புறம் அண்ணி ஒண்ணு ரெண்டு எடத்துல பொண்ணு பாத்தாங்க, எதுவும் அமையல. நானும் கட்டாயப்படுத்திக்கல. எனக்காகக் காத்துகிட்டு நிக்கறதுக்கு ஒரு ஆளு, அது என் ஜாதகத்துலியே இல்ல. சிலருக்கு அப்படி.

டீ நல்லா இருக்கா? சர்க்கரை கொஞ்சம் கூடிடுச்சு. ஒருத்தருக்குப் போட்டே பழக்கம்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல. எத்தனையோ ரயில்வேக்காரங்களக் கேட்டுட்டேன். அந்த கூட்ஸ் வண்டி என்னக் கோத்துகிட்டுக் கெளம்புச்சு இல்ல, லைன் மாறி அப்பதான் வேகம் எடுக்குது, கேட் வருது. கேட் மூடியிருக்கு, லைன் சுத்தமா இருக்கு. அவ பச்சைக் கொடி காட்டணும். செவப்புக் கொடிய ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுகிட்டு நிக்கறா.

டிரைவர் அலறிப் போயி பிரேக் போட்டான். வண்டி மொத்தமும் ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சு நின்னுச்சு. கார்டு பின்னாடிலேந்து ஓடி வரான், என்ன ஆபத்து, எங்க தண்டவாளம் உடைஞ்சிருக்குன்னு. அவ எஞ்சினத் தாண்டி, ஒவ்வொரு வேகனாத் தாண்டி நடந்து வந்து, என் வேகனுக்குக் கீழ நின்னா. கையில கொடியத் தவிர ஒண்ணும் இல்ல. எதையாவது மறந்துட்டுப் போறேன், குடுக்க வந்தாளோன்னு சொல்லலாம்னா, ஒண்ணும் இல்ல. என்னையே பாக்கறா. நான் என் வண்டிக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு, கட்டை, சங்கிலி, எல்லாத்தையும் ஒருவாட்டி இழுத்துப் பாத்தேன். எல்லாம் கெட்டியா இருந்துச்சு. "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்கு, போ போ, வண்டி லேட்டாவுது"ன்னு கைய ஆட்டிச் சொன்னேன்.

அவ செவப்பச் சுருட்டிட்டு, கக்கத்துலேந்து பச்சைய எடுத்து, எனக்கு எதுத்தாப்புலியே நின்னுகிட்டு, தூக்கிக் காட்டினா. வண்டி கெளம்பிடுச்சு. கார்டு ஏறும்போதே கத்தறான், இதுக்கு உன் வேலை போயிடும் பாருன்னு. அந்த அளவு இந்தி எனக்கே புரிஞ்சுது. போச்சா இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. திவாரிக்கு எழுதிக் கேக்கலாம்னு நெனச்சேன், வேற டிபார்ட்மென்ட் சமாச்சாரம் நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்.

கண்ணு சரியில்லாம இருந்திருக்கும், கொடிய மாத்திட்டாங்கறாங்க. ஆனா பகல் வெளிச்சம்மா அது. கலர் தெரியாதவளும் இல்ல. நீங்களும் கவர்மென்ட் வேலைல இருக்கறவங்க, நீங்க சொல்லுங்க. சோறு போடற வேலை போயிடும்னு தெரிஞ்சும், ஒண்ணுமே இல்லாததுக்கு யாராவது ஒரு ரயில நிறுத்துவாங்களா?

என்னம்மா?

காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தரம் சொல்லுங்க.

எனக்காகவா?

சேச்சே. இல்லம்மா. நீங்க சின்னப் பொண்ணு, சினிமா பாத்துட்டு சொல்றீங்க. எனக்கு எதுக்கு நிறுத்தப் போறா? அவளுக்கு வீடு இருந்துச்சு, எருமை இருந்துச்சு. நான் யாரு அவளுக்கு? அந்த வண்டியில கரி வேகன், காலி வேகன், இதுங்கதான் இருந்துச்சு. ஆளுன்னு பாத்தா டிரைவரு, ஃபயர்மேனு, கார்டு. அப்புறம் நான்.

நான்தான் இருந்தேன்.

அவ ஒண்ணுமே கேக்கலியேம்மா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. என்னப் பாத்துகிட்டு நின்னா, அவ்ளோதான். நான் சங்கிலிய இழுத்துப் பாத்துகிட்டிருந்தேன்.

போ, போன்னு கைய ஆட்டினேம்மா நான்.